கட்டிலுக்கடியில் பூத்த தாமரை

வாசகர்களே, எழுந்து நில்லுங்கள்! கடல் சூழ்ந்த இவ்வுலகில் இதுவரை எவரும் வெளியிடத் துணியாத மாபெரும் உண்மை ஒன்றை இப்போது வெளியிடப் போகிறோம். சிற்றரசர் வில்லவராயரின் புதிய கட்டில் எங்கிருந்து பிறந்தது என்பதே அது. சரி, உட்காரலாம்.

வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் அந்திச் செம்மை கரைந்து, கீழ்வானில் முழுநிலா முகம் காட்ட, கரையோரக் கோட்டையின் வசந்த மண்டபத்தில் பந்தங்கள் ஒளிர்ந்த அவ்வேளையில், கட்டிலைச் செய்த தச்சன் கூத்தன் பட்டுடுத்தித் தலைகுனிந்து நின்றான். அடக்கம் என்று எண்ணிக்கொண்டது அவை. அவனுக்கு அன்று 'ஆசனப் பேராசான்' என்ற பட்டமும், படைத்தலைவர் மகள் கோதையின் கரமும் கிடைக்கவிருந்தன. பட்டம் கிடக்கட்டும், கோதைக்காகவே ஈராண்டு இழைப்புளி பிடித்தவன் அவன்.

அவைப்புலவர் செருமினார். "தேவதச்சன் மரபில் உதித்தவன்! இமயப் பொய்கையில் அன்னங்களோடு வாழ்ந்து கலை பயின்றவன்!"

"இமயத்துக்கு எப்போது போனீர்?" என்று கோதை மெல்லக் கேட்டாள்.

"சற்று முன்புதான். புலவர் அனுப்பி வைத்தார்."

சிரித்தபடியே அவள் விளக்கோடு குனிந்து கட்டிலின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மேலே எளிய சட்டம், எளிய கால்கள். அடியிலோ ஆயிரம் இதழ்த் தாமரை, கொடிகள், கிளிகள்.

"யாரும் பார்க்காத இடத்தில் எதற்கு இவ்வளவு வேலை?"

கூத்தனின் காதுகள் எரிந்தன. ஒரு பொய் போதும், மணமாலை அவன் கழுத்தில். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான், பாவி.

"நான் பார்த்தேன், நங்கையே. அப்போது நான் வேல்வீரன். பகைவர் கோட்டைக்குள் உம் அண்ணனோடு புகுந்த ஐவரில் ஒருவன். அங்கே அந்தப்புரத்துக் கட்டிலுக்கடியில் மூன்று நாள் மல்லாந்து கிடந்தேன். பார்க்க அந்தத் தாமரை ஒன்றுதான் இருந்தது."

"ஒற்றறியவா?" அவள் குரலில் கெஞ்சல் இருந்தது.

"பயத்தில்."

"அந்த அந்தப்புர வாயிலில்தானே என் அண்ணன் வெட்டுண்டு..."

"என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கேட்டுக்கொண்டே கிடந்தேன்."

கோதை விளக்கைத் தரையில் வைத்தாள். படித்துறையில் இறங்கிப் படகேறினாள். துடுப்பொலி தேயும்வரை கூத்தன் நிமிரவில்லை.

வில்லவராயர் அவன் காதருகே குனிந்தார். "ஏனப்பா, கீழே இருவர் கிடக்க இடம் போதுமா?"

பட்டம் அன்றே வழங்கப்பட்டது. கோதை ஆவணியில் ஓர் உப்பு வணிகனை மணந்தாள். அவன் வீட்டில் எல்லோரும் பாயில்தான் படுப்பார்கள்.