டவுட்டில் முடிந்த கல்யாணம்

செவ்வாய்க் கிரகத்தில் கல்யாணம் என்றால் முதலில் தலைக்கவசத்தைக் கழற்றி மாட்ட வேண்டும், மாலையெல்லாம் அப்புறம்தான். தாலியே கட்டினாலும், பதிவி என்கிற இயந்திரம் பச்சை விளக்குப் போட்டால்தான் கல்யாணம் செல்லும். இருவருக்கும் முழுச் சம்மதமா என்று பார்ப்பது அதன் வேலை. லேசாகத் தயக்கம் தெரிந்தாலும் சிவப்புதான். மறுபடி தேதி கிடைக்க அடுத்த செவ்வாயாண்டு ஆகிவிடும்.

அன்றைய மாப்பிள்ளை கார்முகில் நல்ல பையன், கொஞ்சம் பதற்றக்காரன். சம்மதத்துக்குக் கைரேகை வைக்கும் நேரத்தில் பதிவியிடம், "ஒரு சின்ன டவுட்டு. வலது கையா, இடது கையா?" என்றான்.

சிவப்பு எரிந்தது. டவுட் என்றால் நம்பிக்கைக் குறைவு, ஆகவே திருமணம் நிறுத்தப்படுகிறது என்று பதிவி அறிவித்தது. பூமியில் யாரோ அகராதியைப் பார்த்து அதற்கு ஆங்கிலம் ஏற்றியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மயக்கம் வராத குறை.

மணப்பெண் இன்மொழிதான் சமாளித்தாள். உயிர்வளிக் கூடத்துப் பொறியாளர் அவள். குடியிருப்பு மொத்தமும் மூச்சு விடுவது அவள் தயவில். இயந்திரங்களோடு மல்லுக்கட்டிப் பழகியவள்.

"அகராதிப்படி நீ சொல்றது சரிதான். தெரியாததைக் கேட்டா கொஸ்டின், நம்பலைன்னா டவுட். ஆனா எங்க ஆளுங்க தெரியாததைக் கேக்குறதைத்தான் டவுட்டும்பாங்க. கொஸ்டின்னு சொன்னாத்தான் சண்டைக்கு வர்ற மாதிரி. அவரு என்னைச் சந்தேகப்படல, உன்கிட்ட வழி கேக்குறாரு."

பதிவி யோசித்தது. இந்த மக்களிடம் டவுட் என்றால் பணிவு, கொஸ்டின் என்றால் எதிர்ப்பு என்று திருத்திக்கொண்டு பச்சை விளக்கைப் போட்டது. கூடமே கைதட்டியது. கார்முகிலுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து அவள் ரேகை வைக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தில், மனத்தில் கிடந்ததை மாமியாரிடம் கேட்டேவிட்டாள்.

"அத்தை, எனக்கும் ஒரு கொஸ்டின். கல்யாணத்துக்கப்புறமும் நான் வேலைக்குப் போகலாம்ல?"

மாமியார் முகம் சுருங்கியது. மாமனார் தொண்டையைச் செருமினார். கார்முகில் தன் மாலையைச் சரிசெய்தான். கற்ற பாடத்தை மறக்காத பதிவி, சிவப்பு விளக்கைப் போட்டது.

இன்மொழிக்குச் சிரிப்புதான் வந்தது. யாரை நொந்துகொள்வது?

"கொஸ்டின் இல்ல, சின்ன டவுட்டு" என்றாள்.

பச்சை எரிந்தது. எல்லார் முகமும் மலர்ந்தது. அவளும் ரேகை வைத்தாள்; கல்யாணம் இனிதே முடிந்தது.

"டவுட்டுதானம்மா?" என்றார் மாமனார், நிம்மதியாக. "அதுக்கென்ன அவசரம், பொறுமையாப் பாத்துக்கலாம். வா, சாப்பிடலாம்."