இடக்கை சொன்ன பெயர்

பை கத்தியது!

"டிடிடிடிடிடி…" என்று மூச்சு விடாமல். குறிகட்டுவான் இறங்குதுறையில் மழைக்கு ஒதுங்கி நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோசலாவும் பார்த்தாள். வாங்குப் பலகையில் அவள் வைத்திருந்த துணிப்பையின் மேல், சொட்டச் சொட்ட நனைந்த ஒரு படகு எஞ்சினின் மூடி ஏறியிருந்தது. பக்கத்தில், அதைவிட அதிகமாக நனைந்த ஒருவன் நின்றான்.

"ஐயோ, என்ரை பை! கண் தெரியேல்லையோ உங்களுக்கு?"

"கண் வடிவாத் தெரியுது. பை கத்தும் எண்டுதான் தெரியேல்லை." அவசரமாக மூடியைத் தூக்கினான். "உள்ளுக்கு என்ன, குருவியோ?"

அவள் முறைத்துக்கொண்டே பையைத் திறந்தாள். உள்ளங்கையளவு பெட்டி. அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சிறிய தகடுகளில் ஒன்று புத்தகத்தில் மாட்டி அழுந்தியிருந்தது. விடுவித்ததும் சத்தம் நின்றது. நன்றாகத் திட்ட வேண்டும் என்று நிமிர்ந்தாள்… இமைகளில் மழைத்துளி தொங்க, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவதற்குக் கொஞ்சமும் வசதியில்லாத கண்கள்.

"இது… மோஸ் தந்தி இல்லையோ?" குரலில் இப்போது பகிடி இல்லை.

கோசலா நயினாதீவுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். புளியங்கூடலில் இருந்து பஸ்ஸும் படகுமாக நாளாந்தம் போய்வருகிறாள். சொந்தக் கருவியால் வானொலியில் தந்தி அனுப்புவது அவளுடைய பொழுதுபோக்கு. பிள்ளைகளுக்குக் காட்டத்தான் அன்று தன் கீயரை, அந்தத் தந்தி தட்டும் பெட்டியை, கொண்டு போயிருந்தாள். அதை ஒருவன் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தது இதுதான் முதல்தடவை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பா கப்பலிலை ரேடியோ ஒஃபிசர். யோசினை வந்தால் மேசையிலை விரலாலை இப்பிடித்தான் தட்டுவார். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது… சத்தம் மட்டும் தெரியும்."

அவன் பெயர் டிலோன். ஊர்காவற்றுறையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். போன வருடம் அப்பாவுக்குப் பாரிசவாதம். வலக்கை விழுந்துவிட்டது. நாக்கும் புரளவில்லை.

"இடக்கையாலை எழுத ஏலாது, நடுங்குது. எழுத்துப் பலகை ஒண்டு செய்து குடுத்தனாங்கள். பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரித் தொட்டுக் காட்டச் சொன்ன உடனை தூக்கி எறிஞ்சுபோட்டார். மூளை எவ்வளவு தப்பியிருக்கெண்டு சொல்ல ஏலாதாம் எண்டு டொக்டர் சொல்லுறார். நாங்கள் கதைக்கிறது விளங்குதோ எண்டுகூடத் தெரியேல்லை, ரீச்சர்…" அவன் பெட்டியையே பார்த்தான். "இதை அவரிட்டை ஒருக்கால் குடுத்துப் பாப்பமோ?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சொல்ல விருப்பமும் வரவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் போனாள். டிலோனின் அம்மா கணவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தா.

"மேரிஜோசப்பின் எண்டு பேர், பிள்ளை. அவருக்கு மட்டும் நான் ஜோஸ்…" என்றவ, கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தா. "இப்ப அப்பிடிக் கூப்பிட ஆளில்லை."

டிலோனின் அப்பா கிறிஸ்தோப்பர் சாய்கதிரையில் இருந்தார். கோசலா பெட்டி வழுக்காமல் அடியில் ஈரத்துணியை மடித்து வைத்தாள். வேகத்தைக் குறைத்தாள். ஒலியைக் கொஞ்சம் கூட்டினாள்.

"இதாலை ரேடியோ அலை ஒண்டும் வெளியாலை போகாது. ஒரு தகட்டைத் தொட்டால் டி, மற்றதைத் தொட்டால் டா. எழுத்து இந்தச் சின்னத் திரையிலை விழும்."

"அப்பாவுக்கே பாடம் எடுக்கிறீங்களோ?" டிலோன் மெல்லச் சிரித்தான்.

"பேசாமல் இருங்கோ நீங்கள்!"

கிறிஸ்தோப்பரின் இடக்கை பெட்டியைத் தேடி வந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் தகடுகளின் இருபக்கமும் பழக்கப்பட்டவைபோல உட்கார்ந்தன. அந்தக் கண்களில் ஒரு வெளிச்சம்! தட்டினார். ஆங்கில எழுத்துகள் விழுந்தன. பீ… எஸ்… ஓ… ரீ. B, S, O, T.

அர்த்தமில்லை. சத்தத்தைக் கேட்ட அவருடைய முகம் மாறியது. திரும்பவும் தட்டினார். திரும்பவும் அதே பீ, எஸ், ஓ, ரீ. மூன்றாம் தரம் கை பாதியில் நின்றது. பெட்டியைத் தள்ளி விழுத்திவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"காணும்!" டிலோன் பெட்டியைப் பொறுக்கி அவள் கையில் திணித்தான். "அவருக்கு ஒண்டும் மிச்சமில்லை எண்டு அவருக்கே காட்டியாச்சு. தயவுசெய்து போங்கோ, ரீச்சர். இனி வரவேண்டாம்."

கேட்டவன் அவன்தானே… கோசலா பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பியிருந்து அழுதாள். உதவி செய்யப் போனவளுக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

ஞாயிறு காலை அம்மா சீதேவி புட்டும் சம்பலும் போட்டுக் கொடுத்தா. விழுந்த பெட்டி வேலைசெய்கிறதா என்று பார்க்கும் எண்ணம் கோசலாவுக்கு அப்போதுதான் வந்தது. வலக்கையில் புட்டு. அதனால் இடக்கையால் தட்டினாள். தன் பெயரின் முதலெழுத்து, கே. திரையில் ஆர் விழுந்தது.

"சாப்பாட்டிலை என்ன விளையாட்டு?" என்றா அம்மா.

இன்னொரு தரம் தட்டினாள். ஆர்தான். பழுதோ? குனிந்து தன் கையைப் பார்த்தாள்… பார்த்தபடியே இருந்துவிட்டாள்.

வலக்கைப் பெருவிரல் தொடுகிற தகடு டி. இடக்கையால் பிடித்தால் பெருவிரல் மற்றத் தகட்டில் விழும். டி எல்லாம் டா ஆகும், டா எல்லாம் டி ஆகும். கப்பலில் வலக்கையால் தட்டிய விரல்பழக்கத்தை அந்த மனிதர் அப்படியே இடக்கையில் செய்திருக்கிறார். இத்தனை நாளும் வலக்கையாலேயே தட்டிய அவளுக்கு அது தோன்றவேயில்லை.

அப்படியானால் நேற்று அவர் தட்டியது? பீ, டாடிடிடி. புரட்டினாள், டிடாடாடா. ஜே. எஸ்ஸைப் புரட்டினாள். ஓ. பிறகு எஸ். பிறகு ஈ.

ஜோஸ்!

மனிசியைக் கூப்பிட்டிருக்கிறார். பிழையாகக் கேட்டதும், தன் மூளைதான் போய்விட்டது என்று நினைத்து அழுதிருக்கிறார். கடவுளே, இப்போதும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருப்பார்!

வரவேண்டாம் என்ற வீடு. ரோஷம் காலைப் பிடித்து இழுக்கத்தான் செய்தது. இழுத்தால் இழுக்கட்டும் என்று குடையை எடுத்தாள்.

டிலோன் வீட்டில் இல்லை. "விடிய வெளிக்கிட்டவன், பூசைக்கும் வரேல்லை," என்றா அவனுடைய அம்மா. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

சாய்கதிரையின் முன்னால் முழங்காலில் இருந்தாள். "அங்கிள், உங்களிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிலை. பெட்டியை வலக்கைக்கு வைச்சுத் தந்திட்டன்." கீயரின் அமைப்பில் தகடுகளை இடம்மாற்றிவிட ஒரு தெரிவு உண்டு. அதை மாற்றினாள்.

அவர் தொடவில்லை. பயந்தார். அவள் காத்திருந்தாள். கடைசியில் பெருவிரல் அசைந்தது. டி… டாடாடா…

"ஜோஸ்," என்று கோசலா வாசித்தாள். "அன்ரி, உங்களைத்தான் கூப்பிடுறார்!"

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டா. விரல்கள் ஓடத் தொடங்கின. ஆங்கில எழுத்தில் தமிழ். கோசலா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "கஞ்சிக்கு… உப்புக்… காணாது."

"கடவுளே, இவ்வளவு நாளும் அதையே குடிச்சனீங்கள்!" அந்த அம்மா சிரித்தா, அழுதா, அவருடைய தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டும் செய்தா. பெட்டி இன்னும் சத்தமிட்டது. "நன்றி, ஜோஸ். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைச்சனான்."

வாசலில் யாரோ விம்மும் சத்தம். டிலோன், நனைந்துபோய், எப்போது வந்தான் என்று தெரியவில்லை. உள்ளே ஓடிவந்து அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்தான். கோசலா சத்தமில்லாமல் வெளியேறினாள்.

படலையடியில் அவன் ஓடிவந்து பிடித்தான்.

"ரீச்சர்… கோசலா… நில்லும். நன்றி. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. அது மட்டுமில்லை, இன்னும் ஒண்டு…"

"வேண்டாம்." அவள் படலையைப் பிடித்துக்கொண்டாள். "நன்றியோடை நிப்பாட்டுங்கோ. நன்றிக்காக ஆசைப்படுறது எனக்கு வேண்டாம். நாளைக்கு அது கரைஞ்சிடும்."

"நான் விடிய எங்கை போனனான் எண்டு கேக்கமாட்டீரோ?"

"எங்கை?"

"புளியங்கூடலுக்கு."

கோசலா நிமிர்ந்தாள்.

"நயினாதீவிலை படிப்பிக்கிற ரீச்சர் வீடு எது எண்டு ஊர் முழுக்கக் கேட்டன். நீர் அப்பத்தான் பஸ் ஏறினீராம். உம்மடை அம்மா துவாய் தந்தவா, தேத்தண்ணி தந்தவா. ஏன் வந்தனீர் எண்டு கேட்டா. மன்னிப்புக் கேக்க எண்டன். பிறகு… மற்றதையும் சொல்லிப்போட்டன். அப்பா இப்பிடிக் கதைப்பார் எண்டு அப்ப எனக்குத் தெரியாது, கோசலா. இனிக் கதைக்கவே மாட்டார் எண்டுதான் நினைச்சிருந்தனான்."

"அம்மாட்டையா சொன்னீங்கள்! கோயில், சேர்ச் எண்டெல்லாம் யோசிக்கேல்லையோ? என்ன சொன்னவா?"

"'அதெல்லாம் பிறகு பாப்பம், முதல் அவளிட்டைச் சொல்லும் தம்பி' எண்டவா."

மழை இரண்டு பேர் மேலும் பெய்தது. குடையை விரிக்கும் எண்ணமே அவளுக்கு இல்லை.

"அப்ப சொல்லுங்கோவன்."

"எனக்கு உம்மிலை விருப்பம். பை கத்தின நேரத்திலை இருந்து."

கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. "நேற்றுப் போகச் சொன்ன ஆள் நீங்கள்…"

"ஓம். இண்டைக்கு இருக்கச் சொல்லிக் கேக்கிறன்."

"இருக்கிறன்," என்றாள் கோசலா.