நான்கு நாள் தயிர்

இதில் தேதி பிசகியிருக்கலாம், வருடத்தில்கூடச் சந்தேகம். ரோஜா பறிப்பின் மூன்றாவது வாரம் என்பது மட்டும் நிச்சயம்.

காலை 6.40. பல்கேரிய ரோஜாப் பள்ளத்தாக்கில், தோட்டக்காரர் மீஞ்சோவின் மனைவி ஸ்தோயன்கா கட்டிலில் இறந்துகிடந்தாள். உடல் வில்லாக வளைந்திருந்தது. தாடை பூட்டியதுபோல் இறுகியிருந்தது.

"மருமக வச்ச விஷம்!" மீஞ்சோ கத்தினார். "ரெண்டு பேருக்கும் ஆகாது. ஓநாய்க்கு வைக்கிற மருந்து அவ பெட்டியில இருக்கு, போய்ப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் வெலிகோ பார்த்தார். எட்டி விஷம்தான். அதுவும் உடலை இப்படித்தான் முறுக்கும். மருமகள் எலிட்சா சுவரோடு ஒட்டி நின்றாள். வாசலில் போலீஸ் வண்டி காத்திருந்தது. ஏற்றிவிட்டால் அவள் திரும்பி வரமாட்டாள்.

வெலிகோ மேசைப் பக்கம் திரும்பினார். அதில் கழுவாத தயிர்க் கிண்ணங்கள். ரொட்டி ஒன்று வெட்டுப்படாமல் காய்ந்திருந்தது.

"நேத்து என்ன சாப்பிட்டாங்க?"

"தயிர்," என்றாள் எலிட்சா. "நாலு நாளா அதுதான். வாயைத் திறக்க முடியலன்னாங்க. 'ஒரு வழியா வாயை மூடினியே'ன்னு மாமா சிரிச்சார்."

வெலிகோ மீஞ்சோவைப் பார்த்தார்.

"எட்டி விஷம் நாலு நாள் பொறுக்காது, பெரியவரே. ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடும்."

7.15. பிணத்தின் கட்டைவிரலில் அழுக்குத் துணிக்கட்டு. அவிழ்த்தார். முள் குத்திய சின்னக் காயம். அதன்மேல் கறுத்த சிலந்திவலை, சாணத் துகள்கள்.

"யார் கட்டினது? எப்போ?"

"நான்தான்," என்றார் மீஞ்சோ. "பத்து நாளாச்சு. குதிரை லாயத்துச் சிலந்திவலை. ரத்தம் உடனே நின்னுச்சு. எனக்கும்தான் வச்சுக்கறேன், என்ன ஆச்சு?"

"உங்களுக்குப் பட்டாளத்துல ஊசி போட்டிருப்பாங்க. அவங்களுக்கு?"

எலிட்சாதான் பேசினாள்.

"போன வருஷமே நர்ஸ் ரணஜன்னிக்கான டெட்டனஸ் ஊசியோட வயலுக்கு வந்தாங்க. முள்ளு குத்தினா சோப்புப் போட்டுக் கழுவணும், கண்டதை வைக்கக்கூடாதுன்னாங்க. அத்தை சட்டைக் கையை மடிச்சே விட்டுட்டாங்க. வெயில் ஏறினா பூவுல எண்ணெய் நிக்காது, பறிப்பு முடியட்டும்னு மாமாதான் நர்ஸைத் திருப்பி அனுப்பிட்டார். அப்புறம் யாரும் வரல."

வெலிகோ துணியை மடித்து மேசையில் வைத்தார்.

"விஷம் லாயத்துல இருந்துதான் வந்திருக்கு, சாணத்துக் கிருமியா. வச்சது நீங்க, பெரியவரே. தெரியாம."

மீஞ்சோ மனைவியின் மடித்திருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டார்.

மருத்துவ அறிக்கையும் ரணஜன்னி என்றே சொன்னது. வண்டி வெறுமையாகத் திரும்பியது. அடுத்த பறிப்புக்கு முன் எலிட்சா தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிப்போய் ஊசி போடவைத்தாள். மறு மாதம் இரண்டாவது ஊசிக்கும் கூட்டிப்போனாள். மீஞ்சோ மேல் வழக்கு இல்லை. அவர் பிறகு பூப்பறிக்கவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் இறந்தார். லாயத்தை இடித்துவிட்டார்கள்.