உப்புக் கரித்த விசில்

காலை பதினொன்று பதினைந்து. கடல் தொலைவில் உள்வாங்கிக் கிடந்தது. கரையோரக் குட்டி நீராவி ரயிலில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் பெண் விசில் கயிற்றை இழுத்தாள். சத்தமில்லை. நிமிர்ந்து பார்த்தாள், இன்ஜின் தலையில் பித்தளை விசிலையே காணோம்.

அவளுக்கு வேலையில் அது முதல் நாள். முதல் பெட்டியில் அப்பாவும் அம்மாவும்.

மேனேஜர் தேடினார். இன்ஜினில் தொங்கிய அவளுடைய துணிப்பைக்குள்ளேயே விசில் கிடந்தது.

"முதல் நாளே கை வச்சிட்டியாம்மா? நாளைலேருந்து வராத."

"சத்தியமா நான் எடுக்கல சார். வண்டிக்குத் தண்ணி பிடிக்கிறப்ப அம்மாவப் பாக்கப் போனேன். அஞ்சே நிமிஷம்."

"இவங்கதான் எடுத்தாங்க சார்" என்றார் டிக்கெட்காரர். போன வாரம்வரை இன்ஜின் ஓட்டியவர் அவர்தான். "பதினொண்ணு பத்து. வெறுங்கையால கழட்டிப் பையில போட்டாங்க. ஜன்னல் வழியா பாத்தேன். காலைலேருந்து நான் டிக்கெட் ரூமை விட்டு நகரவே இல்ல."

அப்பா இறங்கி வந்தார். நாற்பது வருஷம் மில் பாய்லரோடு மல்லுக்கட்டியவர். பெற்ற மகள் பூட்டிய கதவையும் ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார்.

"பதினொண்ணு அஞ்சுக்கு ஊதிக்கிட்டு வந்த விசிலு, பத்துக்குக் கொதிச்சுக்கிட்டுல்ல இருந்திருக்கும். கையக் காட்டும்மா."

காட்டினாள். கரி இருந்தது, கொப்புளம் இல்லை.

அப்பா விசிலைக் கவிழ்த்தார். உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஐயே, கண்டதையும் நக்கிக்கிட்டு!" என்றாள் அம்மா.

"சும்மா இரு. மேனேஜர், பாய்லருக்கு என்ன தண்ணி?"

"நல்ல தண்ணிதான். உப்புத் தண்ணின்னா அரிச்சுடுமே."

"இது கரிக்குது. கடலோ அங்க கிடக்கு. பக்கத்துல ஏது உப்புத் தண்ணி?"

மேனேஜர் மெல்லத் திரும்பினார். "தீயணைக்க ஒரு வாளி கடல் தண்ணி... டிக்கெட் ரூமுக்குள்ள."

போய்ப் பார்த்தார்கள். வாளித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. அப்பா டிக்கெட்காரர் பக்கம் திரும்பினார்.

"விசிலுக்குக் கீழ இருக்கிற ஆவித் திருகை மூடிட்டு ஸ்பேனரால கழட்டியிருக்க. சூடு காட்டிக்கொடுத்துடும்னு வாளியில முக்கியிருக்க. உதற மறந்துட்ட. ரூமை விட்டு நகரலன்னு நீயே சொன்ன. அப்ப வாளிகிட்ட வேற யாருய்யா வந்தா?"

டிக்கெட்காரர் தரையைப் பார்த்தார். "பதினெட்டு வருஷம் நான் ஓட்டுன வண்டி சார்."

மேனேஜர் அவரை உள்ளே கூட்டிப் போனார்.

மகளே விசிலைத் திருகி மாட்டினாள். அசைத்துப் பார்க்க நீண்ட அப்பாவின் கை பாதியில் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பதினொன்று நாற்பது. விசில் காதைப் பிளந்தது.

"பெரியவரே, பொண்ணா ஓட்டுது? பயமா இல்ல?" என்றான் பின்சீட்டுக்காரன்.

"பயமா இருந்தா இறங்கிக்க. அது என் பொண்ணு."