யாருக்கும் வைக்காத பெயர்கள்

பெயர் வாசிப்பு முடியாமல் நீண்டுகொண்டே போனதுதான் அமலிக்கு முதலில் உறுத்தியது.

கல்லறைத் திருநாள் அந்த ஊரில் ஓர் ஒழுங்கோடு நடக்கும். சாமியார் வந்து கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். பிறகு உபதேசியார் ரெமிஜியஸ் சிலுவை மேடையில் ஏறி, யார் யாருக்கெல்லாம் வேண்டுதல் கேட்டு வந்திருக்கிறதோ அந்த இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கூப்பிட்டு முடித்ததும் அந்த ஆன்மாக்கள் அமைதியாக உறங்க, எல்லாருக்குமாகச் சேர்த்து ஓர் இளைப்பாற்றி ஜெபம். மெழுகுவர்த்தி பாதி கரைவதற்குள் வேலை முடிந்து, சனம் கதை பேசிக்கொண்டே வீட்டைப் பார்க்கப் போய்விடும்.

இன்று மெழுகுவர்த்திகள் அடிவரை உருகி மண்ணில் வழிந்துவிட்டன. அடைமழைக்கால மேகம் தலைக்கு மேல் கனத்துத் தொங்கியது. சாமந்தியும் சாம்பிராணியும் கலந்த வாசனைக்கு அடியில், சுற்றியிருந்த தாளடி நெல் வயல்களின் சேற்று வாடை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. வயதானவர்கள் கால் மாற்றி நின்றார்கள். யாரோ கொட்டாவி விட்டார்கள். உபதேசியாரின் குரல் மட்டும் ஓயவில்லை.

"அம்மா, கால் வலிக்குது" என்றாள் ஆஷ்லின். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். தாத்தா சவரியப்பனின் கல்லறைக்குப் பக்கத்தில், வெள்ளை கவுனைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் அப்பா ஆல்பின் குவைத்தில் இருந்தான். அவன் இல்லாத திருநாட்கள் அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தன.

"இருடி கண்ணு, இப்ப முடிஞ்சிரும்."

அப்போதுதான் அந்தப் பெயர் காதில் விழுந்தது.

"சவரிலின். வேண்டுபவர், தாய் அமலி."

அடுத்தடுத்து.

"ஜோதிமலி. வேண்டுபவர், தாய் அமலி. அருள்ஜியஸ். வேண்டுபவர், தாய் அமலி."

அமலி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெயர்களை எந்த வாயும் அதுவரை உச்சரித்ததில்லை. அவள் செய்த பெயர்கள் அவை.

கும்பகோணத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. வெப்சைட்டுகளைச் சோதித்துச் சொல்லவேண்டும். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன டெல்டாக்காரர்கள், இருந்த இடத்திலிருந்தே சொந்த ஊர்க் கல்லறையில் வேண்டுதல் கேட்க ஒரு சைட் தயாராகியிருந்தது. திருநாள் நெருங்கும்போது குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சனமெல்லாம் ஒரே நேரத்தில் வந்து மொய்த்தால் அது தாங்குமா? அதைத் தெரிந்துகொள்ள லோட் டெஸ்ட். ஆளே இல்லாமல், ஆயிரக்கணக்கான ஆட்கள் வந்து படிவம் நிரப்புவதுபோல் கம்ப்யூட்டரை நடிக்கவைக்கிற வேலை.

அதில் ஒரு தொல்லை இருந்தது. ஓர் ஆன்மாவுக்கு ஒரு வேண்டுதல்தான் என்று சைட்டைக் கட்டியிருந்தார்கள். ஒரு பெயர் ஒருவருக்குத்தான். இரண்டாவதாக அதே பெயரோடு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்புவதற்கு என்ன பெரிய பாடு? உண்மையான பாரம் அதில் தெரியாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் அதற்கு முன் வராத ஒரு பெயர் வேண்டும்.

"டெஸ்ட் ஒண்ணு, டெஸ்ட் ரெண்டுன்னு போட்டுட்டுப் போவியா" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த கலைமகள்.

"நம்பர் போட்டா வாங்க மாட்டேங்குதுடி. பேரு பேரா இருக்கணுமாம்."

"அப்ப இருக்கற பேரையெல்லாம் குலுக்கிப் போடு."

"குலுக்கிப் பாத்தாச்சு. கொஞ்ச நேரத்துல வந்த பேரே திரும்ப வருது."

கடைசியில் அமலி தனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் இரண்டாக வெட்டினாள். ஒருவருடைய முன்பாதியோடு இன்னொருவருடைய பின்பாதி. ஒருமுறை சேர்ந்த பாதிகள் மறுமுறை சேராதபடி வரிசையாக நகர்த்திக்கொண்டு போக ஒரு குட்டி புரோகிராம். வீட்டுப் பெயர், தெருப் பெயர், ஆபீஸ் பெயர் எல்லாம் உள்ளே போயின. உலகத்தில் எந்தத் தாயும் எந்தப் பிள்ளைக்கும் வைக்காத பெயர்கள் வெளியே வந்துகொண்டே இருந்தன. ஒன்றுபோல் ஒன்று இல்லை. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

செத்தவர் பெயர் மட்டும்தான் புதிதாக இருக்கவேண்டும். மற்றக் கட்டங்களில் எதைப் போட்டாலும் சைட் கண்டுகொள்ளாது. கல்லறை என்ற இடத்தில் தன் ஊரையும், வேண்டுபவர் என்ற இடத்தில் தன் பெயரையும் போட்டாள். உறவுமுறையில் முதலாவதாக நின்றது 'தாய்'. மாற்ற எதற்கு மெனக்கெடவேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

சோதனை முடிந்ததும் அத்தனையையும் அழித்துவிட்டுத்தான் சைட்டைத் திறக்கவேண்டும். அழிக்க உட்கார்ந்த நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, ஆஷ்லினுக்குக் காய்ச்சல் என்று. பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், அதைச் சுத்தமாக மறந்தே போனாள்.

இப்போது அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிலுவை மேடைக்கு ஓடினாள்.

"நிறுத்துங்க உபதேசியாரே. போதும்."

ரெமிஜியஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா, எல்லாம் உன் பேர்ல வந்ததுதானே? தாயில்லாப் பிள்ளைங்களுக்கு நீ தாயா நின்னு வேண்டிக்கிறேன்னு நெனச்சேன். மனசு குளுந்துபோச்சு."

"பிள்ளைங்களே இல்ல. எல்லாம் கம்ப்யூட்டர் போட்ட பேரு. அப்படி யாரும் பொறக்கவே இல்ல."

"போட்டோ இருக்கேம்மா" என்றார் அவர். கையிலிருந்த தாள்களைத் திருப்பிக் காட்டினார்.

ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், அவர் கண்ணுக்கு முகம் பிடிபடாத அளவில், ஒரு சின்னப் படம். எல்லாம் ஒரே படம். வெள்ளை கவுனில், நேரே பார்த்துச் சிரிக்கிற ஆஷ்லின். போட்டோ இல்லாமல் படிவம் நகராது என்றபோது கைக்குக் கிடைத்ததை இணைத்தது அமலிக்கு நினைவு வந்தது. தாள் தாளாக அவள் மகள் இறந்துகிடந்தாள்.

"குடுங்க அத."

"கூப்பிட்டாச்சும்மா. கூப்பிட்டவங்களுக்கு இளைப்பாற்றி சொல்லி அனுப்பாம பாதியில நிறுத்தக் கூடாது. வந்தவங்க எங்க போயி நிப்பாங்க?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தாள்களைப் பிடுங்கினாள். அதே நேரம் மழை இரைச்சலோடு இறங்கியது. சனம் முந்தானையையும் துண்டையும் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடியது. ஜெபம் சொல்ல யாரும் நிற்கவில்லை. மழையில் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்த சுடர்களுக்கு நடுவே வெள்ளை கவுன் தெரிந்தது. அமலி அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"ஓடு, ஓடு."

வீட்டுக்கு வாய்க்கால் கரையோடு போகவேண்டும். ஊரில் கரண்ட் போயிருந்தது. மழை கொட்டுகிற சத்தம், தவளைகள் கத்துகிற சத்தம், மதகில் தண்ணீர் விழுகிற சத்தம், இவற்றுக்கெல்லாம் நடுவில் இன்னொரு சத்தம் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது: சேற்றில் காலை வைத்து எடுக்கிற சளப் சளப். சின்னக் கால்கள். நிறையக் கால்கள். கல்லறையிலிருந்து திரும்புகிற பக்கத்துத் தெருப் பிள்ளைகள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பயத்தில் மகளின் கையை நெரித்துவிடுகிற மாதிரி பிடித்திருந்தாள். அந்தக் கை வலிக்கிறது என்று சொல்லவில்லை.

வீட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டபிறகுதான் மூச்சு வந்தது. துண்டை எடுத்துப் பிள்ளையின் தலையைத் துவட்டினாள். துண்டு ஈரமாகவில்லை.

தலை காய்ந்திருந்தது. கவுன் காய்ந்திருந்தது. காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. இன்னொரு கையில் மெழுகுவர்த்தி, அத்தனை மழையிலும் அணையாமல், ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது.

"உன் பேரு என்னடி?" என்றாள் அமலி.

"ஆஷ்லின்."

"அப்பா பேரு?"

"ஆல்பின். ஏம்மா கேக்குற?"

அதே குரல்தான். அதே கீச்சுக்குரல். முகமும் அதே முகம். நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அமலி இடப்பக்கம் நகர்ந்தாள். சிரிப்பு மாறவில்லை. வலப்பக்கம் நகர்ந்தாள். மாறவில்லை.

கதவு தட்டப்பட்டது.

"அம்மா! கதவத் தொறம்மா! என்ன விட்டுட்டு வந்துட்டியே!"

பெற்ற வயிற்றுக்குத் தெரியாதா? தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டி, முழங்கால்வரை சேறாக, ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, விக்கி விக்கி அழுதுகொண்டு நின்றாள் அவள் மகள். வாரி அணைத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அந்தச் சூடு அமலிக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தது, மகளின் தோளுக்கு மேலே பார்க்கிறவரைக்கும்.

வாசலில், தெருவில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் முழுக்க. வெள்ளை கவுன்கள். மெழுகுவர்த்திகள். நேரே பார்த்துச் சிரிக்கிற ஒரே முகம்.

"உள்ள வா, ஆஷ்லின். சீக்கிரம்."

"வந்துட்டேம்மா" என்றது வீட்டுக்குள்ளிருந்து.

கையிலிருந்தவள் அசையவில்லை. அந்தப் பெயர் தன்னுடையது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"நீதான்டி ஆஷ்லின். சொல்லு. நான் ஆஷ்லின்னு சொல்லு."

பிள்ளை வாயைத் திறந்தது. உதடு நெளிந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றது.

"வரலம்மா. அந்தப் பேர அவ எடுத்துக்கிட்டா."

"சொல்லுடி தங்கம். அம்மாவுக்காகச் சொல்லு."

"என் பேரு ஜோதிமலி" என்றாள். "தாய் அமலி."

சொன்னதும் அழுகை நின்றது.

அமலி பிடியை விடவில்லை. இரண்டு கையாலும் இறுக்கினாள். ஆனால் அவள் நெஞ்சோடு ஒட்டியிருந்த அந்த உடம்பில் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. நடுக்கம் நின்றது. முடி காய்ந்தது. சேறு இல்லை. கவுனில் ஈரம் இல்லை. அழுது வீங்கிய முகம் மெதுவாக நேராகி, சிரித்தது.

பிறகு கைகளுக்குள் பிடிக்க எதுவும் இல்லாததுபோல் அவள் நழுவிப் படியிறங்கிப் போனாள். நடந்துபோய் மற்றவர்களோடு நின்றாள். அமலி மழையில் பாய்ந்து ஒரு முகத்தைப் பிடித்தாள், அதை விட்டு இன்னொன்றை, இன்னொன்றை. எல்லாம் காய்ந்திருந்தன. எல்லாம் சிரித்தன.

"அம்மா, பசிக்குது" என்றது வீட்டுக்குள்ளிருந்து.

அந்தச் செத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அமலிக்குத் தெரிந்திருந்தது. வேறு எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

"ஜோதிமலி!" என்று கத்தினாள்.

வயலில் நின்ற அத்தனை சுடர்களில் ஒன்று மட்டும், வெகு தூரத்தில், அதற்குள் கல்லறை வாசலை எட்டியிருந்த ஒன்று, கொஞ்சம் உயர்ந்து காட்டிவிட்டு உள்ளே போயிற்று.