கரடி கையில் சாவி

டெலிபோன் அலறியது!

லேப் முதலாளி எடுத்தார். ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் சோதித்துச் சொல்லும் லேப். அந்தத் தெருவில் நல்ல பேர்.

"ஹலோ, லேப்புங்க..."

"என் ரிப்போர்ட்டை யாருங்க வெளியில விட்டது?"

பெண் குரல். நடுங்கியது.

"யாரும்மா பேசறது?"

"டீச்சர்! போன வாரம் ரத்தம் கொடுத்தேனே! எவனோ ஒருத்தன் போன் பண்ணி என் ரிப்போர்ட்டை வரி வரியா வாசிக்கிறான் சார்! என்னைக் கட்டிக்கப் போறவருக்கும் வாசிச்சுட்டான்!"

"என்ன கேட்டான்? பணமா?"

"ஒண்ணுமே கேக்கல! 'உங்க லேப்பு லட்சணம் இதுதான்'னு சொல்லிட்டு வெச்சுட்டான். அவர் கல்யாணம் வேண்டாம்னு... ஐயோ!"

தடால்!

விழுந்தது போனா, ஆளா? தெரியவில்லை.

முதலாளி போனை வைத்தார்.

"என்ன அண்ணே, முகமே செத்துப் போச்சு?"

எதிரே உட்கார்ந்து டீ குடித்துக் கொண்டிருந்தவர் கேட்டார். லேப் ஓனர்கள் சங்கத்தின் செயலாளர். அடுத்த தெருவில் அவருக்கும் ஒரு லேப் உண்டு. அங்கே கூட்டம் கம்மி. அதனால் இங்கே வந்து டீ குடிக்க நேரம் உண்டு.

"ரிப்போர்ட்டு வெளியில போயிருக்குய்யா!"

"உங்க சர்வர்லேர்ந்தா? இருக்காது அண்ணே! நீங்க யாரு!" செயலாளர் சுவரைக் காட்டினார். சர்வர் பக்கத்தில் முதலாளி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் பெரிய படம். "நானே எடுத்து, நானே ஃப்ரேம் போட்டுக் கொடுத்தது. சொந்த சர்வர் வெச்சு சொந்தமா மேய்க்கிற லேப்காரர் நம்ம சங்கத்துல வேற யாரு இருக்கா?"

முதலாளிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. புகழ்ச்சி அப்படிப்பட்ட சாமான். செத்தவனுக்கும் மூச்சு கொடுக்கும்.

ஆனால் மறுநாளும் போன் அலறியது. ஒரு பஸ் டிரைவர். ஒரு புது மாப்பிள்ளை. ஒரு வக்கீலின் மனைவி. எல்லோருடைய ரகசியமும் தெருவுக்கு வந்துவிட்டது!

விஷயம் போலீஸுக்குப் போனது.

அந்த சர்வர் பின்னறையில், மருந்து ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தது. ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதன் வயிற்றில். வீட்டில் இருந்தபடியே ஜனங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

சர்வர் வெறும் பெட்டி. அதற்கு உயிர், ஆபரேட்டிங் சிஸ்டம். அதைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கே வீட்டில் வாய்ச் சண்டை. முதலாளியின் மருமகன் கம்ப்யூட்டர் படித்தவன். அவன் அன்றைக்கே சொன்னான்.

"மாமா, விண்டோஸோ லினக்ஸோ, உங்களுக்கு எது கைக்கு வருதோ அதைப் போடுங்க. ஆனா செஞ்சவங்க இன்னும் பாத்துக்கிற பதிப்பாப் போடுங்க. ஓட்டை தெரியத் தெரிய அவங்க அடைச்சுக் கொடுத்துக்கிட்டே இருப்பாங்க."

"தினம் ஒட்டுப் போடற சட்டையை எவன் வாங்குவான் மாப்ள? கடைக்காரன் ஒரு பழைய லினக்ஸ் வெச்சிருக்கான். கல்லு மாதிரி! ஒரு அப்டேட்டும் கேக்காதாம்."

"அது சுத்தமா இருக்கறதால இல்ல மாமா. செஞ்சவங்க கைகழுவிட்டாங்க. இனிமே ஓட்டை தெரிஞ்சா அடைக்க ஆளில்ல."

"எனக்கே பாடமா?"

"சரி... மவுஸால அழுத்தற மாதிரியாவது ஒண்ணு..."

"அழுத்தி விளையாட நான் என்ன குழந்தையா? எனக்குக் கறுப்பு ஸ்கிரீன்தான்!"

கறுப்பு ஸ்கிரீன் வந்தது. அதில் ஒரு வெள்ளைக் கோடு மினுக் மினுக்கென்று கண்ணடித்தது. அதற்கு என்ன பதில் தட்டுவது என்று முதலாளிக்குத் தெரியாது!

தெரியாது என்பது ஊரில் யாருக்கும் தெரியாது.

ஒரு கரடியைத் தவிர!

*

இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளே வந்ததும் உட்காரவில்லை. சுவரில் இருந்த படத்தையே பார்த்தார். பிறகு திரும்பினார்.

லேப் பூட்டியிருந்தது, வாடிக்கையாளருக்கு. உள்ளே முதலாளி, மகள், மருமகன். ஆறுதல் சொல்ல செயலாளர். வாசலில் ஒரு கான்ஸ்டபிள்.

"சர்வரை அலசிப் பாத்தாச்சு. வெளியிலேர்ந்து ரெண்டு பேர் வந்திருக்காங்க. ஒருத்தர் கள்ளத்தனமா சுவரேறிக் குதிச்சு. இன்னொருத்தர் ராஜா மாதிரி வாசல் வழியா, பாஸ்வேர்டு போட்டு."

"யாரு மேடம்?"

"வாசல் வழியா வந்தவர்..." நிறுத்தினார். "உங்க மருமகன் வீட்டு கம்ப்யூட்டர்."

"அப்பா!" மகள் வீறிட்டாள்.

முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நெனைச்சேன்! அவன் சொன்ன சிஸ்டத்தைப் போடலைன்னு பழி வாங்கிட்டான்! டேய், உனக்குப் பொண்ணையும் கொடுத்து..."

மாப்பிள்ளைக்குக் கொடுத்துவந்த மரியாதை ஒரே மூச்சில் பறந்தது.

மருமகன் தரையைப் பார்த்தான்.

"சொல்லேன்! வாயில என்ன கொழுக்கட்டையா? நீ எடுக்கலைன்னு சொல்லேன்!" மகள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"வேண்டாம் விடு" என்றான் மெதுவாக. "நான் போய்ட்டு வரேன்."

செயலாளர் முதலாளியின் தோளைத் தட்டினார். "மனசைக் கல்லாக்கிக்குங்க அண்ணே. சொந்தம்னு பாத்தா தொழில் போயிடும். புகார்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க."

"ஒரு நிமிஷம்." இன்ஸ்பெக்டர் குறுக்கே புகுந்தார். "வாசல் வழியா வந்தவர் கையில சாவி இருந்தது. பாஸ்வேர்டு! அதை அவருக்கு யார் கொடுத்தது? உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

முதலாளி செயலாளரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"யாருக்கும் கொடுக்கலையா? அப்ப திருடியிருக்காரு. கான்ஸ்டபிள், ஜீப்புல ஏத்துங்க!"

கான்ஸ்டபிள் மருமகனின் தோளில் கை வைத்தார்.

முதலாளிக்குத் தெரியும். பாஸ்வேர்டை அவர் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார். சொன்னால் மானம் போகும். அதுவும் சங்கச் செயலாளர் முன்னால்! சொல்லாவிட்டால் மருமகன் போவான்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்தவள் பார்க்கிற பார்வை!

மருமகன் வாசற்படியில் கால் வைத்தான்.

"நில்லுங்க!"

குரல் கிழிந்தது.

"நான்தான்... நான்தான் கொடுத்தேன்."

"யாருக்கு?"

"கரடிக்கு."

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு முட்டியது. இன்ஸ்பெக்டர் முறைத்ததும் விழுங்கிக்கொண்டார்.

"எந்தக் கரடிக்கு?"

"போன்ல ஒரு குரூப்பு மேடம். கம்ப்யூட்டர் சந்தேகம் கேக்கற குரூப்பு. அதுல ஒருத்தர் கரடி படம் வெச்சிருப்பாரு. பேரும் கரடிதான். எனக்கு... எனக்கு அந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல ஒரு எழுத்து அடிக்கத் தெரியாது!"

இன்ஸ்பெக்டர் பின்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியாதா?"

"ஆஃப் பண்ணக்கூடத் தெரியாது. வயரைப் புடுங்கிடுவேன். எல்லாத்தையும் கரடிதான் பாத்துக்கிட்டாரு. முகம் தெரியாத ஆளுகிட்ட சாவியைக் கொடுத்துட்டு, நான் இங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்!"

சுவரில் நெஞ்சு இன்னும் நிமிர்ந்துதான் இருந்தது. கீழே இருந்த மனிதர் கூனிக் குறுகிப் போனார்.

"கரடிக்கு ஒரு மெசேஜ் போடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "இப்பவே!"

முதலாளி போனை எடுத்தார். 'ஐயா, உடனே வாங்க' என்று தட்டினார்.

டிங்!

சத்தம் மருமகனின் சட்டைப் பையிலிருந்து வந்தது.

"நீயா!"

"நான்தான் மாமா." மருமகன் இன்னும் தரையையே பார்த்தான். "கறுப்பு ஸ்கிரீன் முன்னாடி நீங்க முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்ததை இவ பாத்துட்டா. நானா வந்து செஞ்சு கொடுத்தா வாங்கிக்க மாட்டீங்க. அதான் கரடியா வந்தேன்."

"நாலு பேர் முன்னாடி உங்க மானம் போகக் கூடாதாம்" என்றாள் மகள். அழுகையும் கோபமும் கலந்திருந்தது. "அதுக்காக ஜெயிலுக்குப் போறாராம் இந்த மகராசன்!"

இன்ஸ்பெக்டர் கை நீட்டி முதலாளியின் போனை வாங்கினார். சத்தமாகவே வாசித்தார்.

"'கரடி ஐயா, என் மருமகன் ஒரு தண்டம். படிச்ச முட்டாள். உங்க கால் தூசுக்குப் பெற மாட்டான்.' அதுக்குக் கரடியோட பதில்... 'பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் ஐயா.'"

முதலாளி முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணு. 'ஐயா, இந்த சிஸ்டத்துக்கு ஆயுசு முடிஞ்சு போச்சு. ரிப்போர்ட்டை எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சுட்டு, புதுசு போட்டுக் கொடுக்கறேன். சரின்னு சொல்லுங்க.' இப்படி எத்தனை தடவை! அதுக்கு நீங்க, 'என் மருமகன் உளறுன மாதிரியே நீங்களும் உளறாதீங்க.'"

"போதும் மேடம்..."

"போதாது." அவர் மருமகன் பக்கம் திரும்பினார். "சுவர்ல ஓட்டைன்னு தெரியும். உள்ள இருக்கறது ஊர் ஜனத்தோட ரகசியம்னும் தெரியும். மாமாவுக்கு மனசு நோகும்னு வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே! அந்த டீச்சர் மனசு?"

மருமகனின் கண்ணில் நீர் முட்டியது. "தப்புதான் மேடம். என்னால தலை நிமித்த முடியல."

செயலாளர் மெல்ல எழுந்தார். "சரி அண்ணே, குடும்ப விஷயம் பேசறீங்க. நான் கிளம்பறேன்..."

"உக்காருங்க செயலாளரே. இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரே. சுவரேறிக் குதிச்சவர்!"

இன்ஸ்பெக்டர் சுவரில் இருந்து அந்தப் படத்தைக் கழற்றினார். மேஜையில் வைத்தார்.

"இதை எடுத்தது நீங்கதானே?"

"ஆ... ஆமாங்க."

"முதலாளி, இதுல உங்க ஒரு காது எங்க?"

முதலாளி குனிந்து பார்த்தார். இத்தனை நாள் நெஞ்சை மட்டும்தான் பார்த்திருந்தார். படத்தில் அவர் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தார். காதும் கன்னமும் ஃப்ரேமுக்கு வெளியே! நடுவில், பளிச்சென்று, துல்லியமாக, சர்வர் ஸ்கிரீன். அதில் வெள்ளை எழுத்தில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பேர். பக்கத்தில் பதிப்பு எண்.

"'கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணே, இன்னும் கொஞ்சம்'னு சொன்னாரா?"

"சொன்னான் மேடம்..."

"உங்களைப் படம் எடுத்தவருக்கு ஆசை உங்க மேல இல்ல, ஸ்கிரீன் மேல! பேரும் பதிப்பும் கெடைச்சா போதும். கைகழுவின சிஸ்டத்துல எங்க எங்க ஓட்டைன்னு தேடினா வந்து கொட்டும். அதுல புகுந்து போறதுக்குப் பெரிய மூளை வேண்டாம். கெட்ட மனசு போதும்."

"அபாண்டம்!" செயலாளர் கத்தினார். "நான் எதுக்குங்க இவர் ரிப்போர்ட்டைத் திருடணும்?"

"காசு கேக்காத மிரட்டல்! அங்கதான் எனக்கு உறுத்திச்சு. இந்த லேப்புக்கு ஜனங்க வராம இருந்தா அடுத்த லேப்புக்குத்தானே வரணும்? சுவரேறிக் குதிச்ச கம்ப்யூட்டர் அடுத்த தெருவுல, உங்க லேப் மேஜை மேல இருந்துச்சு. நீங்க இங்க ஆறுதல் சொல்ல வந்ததும் போய் எடுத்தாச்சு."

"அண்ணே! நீங்களாவது சொல்லுங்க அண்ணே! நான் அப்படிப்பட்டவனா?"

"இதே குரல்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

வாசலில் டீச்சர். இன்ஸ்பெக்டர்தான் வரச் சொல்லியிருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. அன்றைக்கு விழுந்தது போன் மட்டும் அல்ல.

"இந்தக் குரல்தான் என் ரிப்போர்ட்டை வாசிச்சது. நடுவுல எச்சில் முழுங்கி முழுங்கி வாசிச்சுது!"

செயலாளர் எச்சில் முழுங்கினார்.

முழுங்கியதும் ஓடினார். கான்ஸ்டபிள் காலை மட்டும் நீட்டினார். பாவம், மேஜை முனையில் மூக்கு இடித்துக்கொண்டது. லேப் ஆயிற்றே, பஞ்சுக்குப் பஞ்சமில்லை.

*

ஜீப் போய்விட்டது.

முதலாளி டீச்சருக்கு எதிரே நின்றார். கும்பிட்ட கை இறங்கவில்லை.

"அம்மா... தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரல. அந்த வெட்டி வீறாப்புக்கு உங்க வாழ்க்கை போச்சு. மன்னிச்சுக்குங்க."

டீச்சர் நெற்றிப் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்ல சார். எனக்கு வியாதியே இல்ல. சந்தேகத்துல ரத்தம் கொடுத்தேன், அவ்வளவுதான். 'எதுக்குப் போய்க் கொடுத்தே?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அவர் போனது போகட்டும்... ஆனா தெருவுல எல்லாரும் என்னையே பாக்கறாங்க சார். அதுக்கு ஏதாவது மருந்து இருக்கா உங்க ஃப்ரிட்ஜுல?"

இல்லை.

முதலாளியால் நிமிர முடியவில்லை. டீச்சர் படியிறங்கிப் போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை கும்பிட்ட கை அப்படியே இருந்தது.

பிறகு பின்னறைக்குப் போனார். சர்வரில் இருந்து வெளியே போகும் இணைய வயரைப் பிடுங்கினார். இந்த முறை தெரிந்தே.

வாசலில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டார். ரிப்போர்ட்டுகள் திருட்டுப் போனது என் தவறு என்று. தன் கையெழுத்தில். எழுத்துப்பிழையோடு.

மருமகன் கூடவே நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"மாப்ள..."

"சொல்லுங்க மாமா."

"அந்தத் தண்டம்னு எழுதினதை..."

"அழிச்சுட்டேன் மாமா."

"படிச்ச முட்டாளு?"

"அதை வெச்சிருக்கேன். பாதி உண்மைதானே."

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. துடைத்துக்கொண்டு கேட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக, நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாப்ள. இனிமே இதுக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம்? நீங்களே சொல்லுங்க."

மருமகன் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தான்.

"இருங்க மாமா... எதுக்கும் கரடியை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்!"