நண்டு தூக்கி வந்த மின்விசிறி

நண்டுக்குப் பத்து வயது. தம்பி சிண்டுவுக்கு நாலு. சந்து கிடைத்த இடத்திலெல்லாம் நுழைந்துவிடுவதால் அவளுக்கு அந்தப் பெயர். அக்கா பின்னாலேயே நுழைவதால் அவனுக்கு இந்தப் பெயர்.

அவர்களுடைய அப்பா மின்சார வேலை செய்பவர். ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. பெரிய கட்டோடு கட்டிலில் கிடந்தார். அவருடைய வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அம்மா வேலை தேடலாம் என்றால், சிண்டுவை யார் பார்த்துக்கொள்வது? கட்டிலில் கிடப்பவர் அவன் பின்னால் ஓட முடியுமா?

சமையலறை டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

அடுத்த தெருவில் ஓர் உதவிக் கூடம் இருந்தது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்துவது. சனிக்கிழமை காலைகளில், கஷ்டப்படும் குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுப்பார்கள். அம்மா தயங்கித் தயங்கிப் போய் ஒரு பை வாங்கி வந்தாள்.

அன்று மதியம் அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்குப் பசிக்கல. பசங்களுக்குப் போடு."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராத்திரியும் இரண்டே வாய்தான். அவருடைய வயிறு கடமுடா என்று சத்தம் போட்டது நண்டுக்குக் கேட்டது.

'பசி இருக்கு. சாப்பிடத்தான் மனசு வரல' என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவோடு அவளும் போனாள். கூடத்தை நடத்துபவரை எல்லாரும் கண்ணாடி அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுவார்.

அம்மா வரிசையில் நின்றாள். நண்டு சும்மா நிற்பாளா? பின்னறைக்குள் நுழைந்துவிட்டாள். அங்கே இஸ்திரிப் பெட்டி, விளக்கு, மின்விசிறி என்று ஒரு குவியலே கிடந்தது.

"அத்தை, இதையெல்லாம் ஏன் யாருக்கும் குடுக்கல?"

"எல்லாம் ரிப்பேர்மா. நம்ம ஜனங்களுக்குக் குடுக்கற மனசு இருக்கு, ஓடுதான்னு பார்த்துக் குடுக்கற பழக்கம்தான் இல்ல. போன வாரம்கூட ஒருத்தங்க கைக்குழந்தைக்குக் காத்து வேணும்னு ஃபேன் கேட்டாங்க. இல்லன்னு அனுப்பிட்டேன்."

நண்டு ஒரு நிமிடம் யோசித்தாள்.

"இந்த ஃபேனை நான் எடுத்துட்டுப் போகட்டுமா? திருப்பிக் கொண்டுவந்துடுவேன்."

"சுத்தாத ஃபேனை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"அப்புறம் சொல்றேன் அத்தை!"

அவளுடைய இடுப்பு உயரம் இருந்தது அந்த மின்விசிறி. கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து கட்டில் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, ஒரு கைக்குழந்தைக்கு இது வேணுமாம். ஏன் சுத்த மாட்டேங்குது?"

அப்பா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "பிளக்குல சொருகிப் பார்த்தியா?"

"இல்லப்பா. நீங்கதான் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே."

"கிட்ட கொண்டா."

அப்பா ஒரு விரலால் இறக்கையைச் சுற்றிப் பார்த்தார். காதைக் கிட்டே கொண்டுபோய் அதை ஆட்டிக் கேட்டார். பிறகு தலையணையைச் சுவரில் சாய்த்து, எழுந்து உட்கார்ந்தார்! அவர் தானாக உட்கார்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"ஸ்க்ரூ டிரைவர் எங்கே? சிண்டு, அதை வாயில வைக்காதே, இங்க குடு!"

உள்ளே ஓர் ஒயர் அறுந்திருந்தது. தண்டு முழுக்க அழுக்கு. ஒரு மணி நேரத்தில் மின்விசிறி விர்ரென்று சுற்றியது. சிண்டு அதன் முன்னால் நின்று "ஆ...ஆ..." என்று கத்தினான். அவன் குரல் நடுங்கி நடுங்கி வந்ததைக் கேட்டு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அன்று இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நண்டு மின்விசிறியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்த மறுநாளே கண்ணாடி அத்தை வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எங்களுக்கு ரிப்பேர் பார்க்க ஓர் ஆள் வேணும். நீங்க வரணும்."

"கால் இப்படிக் கிடக்கேம்மா" என்றார் அப்பா.

"ஏன், நீங்க காலாலயா ஃபேன் ரிப்பேர் பண்ணீங்க?"

அப்பா சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார்.

கால் சரியாகும்வரை குவியல் வீட்டுக்கே வந்தது. அப்பா ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் கூடத்தில் அவருக்கு ஒரு மேசை போட்டார்கள். அம்மாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது; அவள் போகும் நேரத்தில் சிண்டுவைக் கூடத்து விளையாட்டு அறையில் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் கைவேலையைப் பார்த்த ஒரு கடைக்காரர், "நிரந்தரமா என் கடைக்கே வந்துடுங்க" என்றார். அத்தனை மாதமும் சனிக்கிழமைப் பை தவறாமல் வந்தது. அப்பா இப்போது அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

அப்பா அந்தக் கடையில் முதல் சம்பளம் வாங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, நான்கு பேரும் சேர்ந்து கூடத்துக்குப் போனார்கள்.

"இந்த வாரத்துலேருந்து எங்களுக்குப் பை வேணாம்மா. வேற யாருக்காவது குடுங்க" என்றாள் அம்மா.

"பேனாவையும் காணோம், கண்ணாடியையும் காணோம்" என்று தேடினார் அத்தை. நண்டு எம்பி, இரண்டையும் அவர் தலையிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள்.

அத்தை பட்டியலைப் பிரித்து, அவர்கள் பெயரை ஒரே கோடாக அடித்தார். பட்டியலிலிருந்து பெயரை அடித்தால் யாராவது சந்தோஷப்படுவார்களா? அன்று ஐந்து பேர் சந்தோஷப்பட்டார்கள்.